84,000 கிலோமீட்டர் ஓடிய காரையே எடுத்தேன்

ஒரே மாடல், ஒரே அளவு பேட்டரி, இரண்டு மின்சாரக் கார்கள். ஒன்று மூன்று வருடம் பழையது, 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. இன்னொன்றுக்கு ஐந்து வருடம், 84,000 கிலோமீட்டர். பெட்ரோல் காராக இருந்திருந்தால் நானும் யோசிக்காமல் முதல் காரைத்தான் எடுத்திருப்பேன். எடுத்தது இரண்டாவதை. ஏன் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். பழைய மின்சாரக் கார் வாங்கலாமா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் தேவையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்கியது. நான் நர்ஸ். மருத்துவமனைக்குப் போய்வர 46 கிலோமீட்டர். நைட் டியூட்டி வரும் வாரங்களில் நேரம் கெட்ட நேரத்தில் வீடு திரும்ப வேண்டும், சொந்த வண்டி இல்லாமல் முடியாது. அவ்வப்போது அம்மா வீட்டுக்குப் போவேன், ஒரு வழிக்கு 150 கிலோமீட்டர். வண்டி நிறுத்த வீட்டிலேயே இடம் இருக்கிறது, எட்டும் தூரத்தில் பிளக் பாயிண்ட்டும் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயம் இல்லாவிட்டால் மின்சாரக் காரைப் பற்றி நான் யோசித்தே இருக்க மாட்டேன். தினமும் பொதுச் சார்ஜரில் போய்க் காத்திருந்து ஓட்டும் கார், வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்குச் சுமை. வீட்டில் நிற்கும் நேரத்தில் தானாக ஏறிக்கொண்டிருந்தால் சார்ஜ் என்ற நினைப்பே வராது. உங்களுக்கு வீட்டிலோ வேலை இடத்திலோ பிளக் இல்லை என்றால், அந்தக் கேள்வியை முடித்துவிட்டுத்தான் கார் பார்க்கவே போக வேண்டும்.

ஏன் மின்சாரம், அதுவும் ஏன் பழையது? சுவாசப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்திருக்கிறேன். மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு நெபுலைசர் வைத்துவிட்டு, வெளியே வந்து புகை விடும் வண்டியில் ஏற எனக்கு மனம் ஒப்பவில்லை. பழையது ஏன் என்றால், பணம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. மின்சாரக் கார் செய்யும்போது, முக்கியமாகப் பேட்டரி செய்யும்போது, கணிசமான கரியமில வாயு வெளியாகிறது. அது ஏற்கெனவே நடந்து முடிந்த செலவு. அப்படிச் செய்த காரைப் பாதி ஆயுளில் ஓரம் கட்டாமல் கடைசிவரை ஓட்டுவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

சரி, பேட்டரிக்கு வருவோம். பழைய மின்சாரக் காரில் விலையில் பெரும் பங்கும் அதுதான், பயமும் அதுதான். என் தம்பி இன்வெர்ட்டர், யூ.பி.எஸ். வேலை செய்கிறவன், பேட்டரிகளோடே புழங்குகிறவன். விளம்பரங்களைக் காட்டினால் கிலோமீட்டரைப் பார்க்கவே மாட்டான். "அக்கா, வண்டியை எங்க நிறுத்தி வச்சாங்க, எத்தனை சதவீத சார்ஜ்ல வச்சாங்க, அதைக் கேளு முதல்ல" என்பான். எனக்கு அப்போது புரியவில்லை, படித்த பிறகு புரிந்தது.

லித்தியம் அயன் பேட்டரி இரண்டு விதமாகத் தேய்கிறது. சார்ஜ் ஏறி இறங்கும்போது தேய்வது ஒன்று. எதுவும் செய்யாமல் சும்மா நிற்கும்போதே நாள்பட நாள்படத் தேய்வது இன்னொன்று. பேட்டரி என்பது நிறையச் சின்னச் செல்கள் சேர்ந்தது; ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கிராஃபைட் மின்முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அது தடிக்கத் தடிக்க, உள்ளே இருக்கும் லித்தியத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிபட்ட லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. அதிக வெப்பமும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் இது வேகமாக நடக்கும். அதனால்தான் ஓடாமல் நிற்கும் கார் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. வெயிலில் நூறு சதவீதச் சார்ஜோடு மாதக்கணக்கில் நின்ற கார், தினமும் ஓடிய காரைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கலாம்.

இதற்கு உலகம் அறிந்த பாடம் நிஸான் லீஃப். 2010 கடைசியில் விற்பனைக்கு வந்த கார் அது. பேட்டரியைக் குளிர வைக்கத் திரவம் ஓடும் ஏற்பாடு அதில் கிடையாது. 2012-ல் அமெரிக்காவில் அரிசோனா போன்ற கடும் வெப்பமான பகுதிகளில் ஓட்டியவர்கள், திரையில் தெரியும் பேட்டரிக் கட்டங்கள் சீக்கிரமே குறைவதாகப் புகார் சொன்னார்கள். அதற்கு அப்புறம் கம்பெனி பேட்டரிக் கொள்ளளவுக்கென்று தனி வாரண்டி அறிவித்தது, பேட்டரியின் வேதியியலையும் மாற்றியது. பழைய லீஃப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதன் திரையில் கொள்ளளவைக் காட்டும் 12 கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம் மறையும்போது ஏறக்குறைய 15 சதவீதம் போயிருக்கும், அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டமும் ஆறு சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஆகவே 12 கட்டமும் இருக்கிறதே என்று யாராவது பெருமையாகக் காட்டினால், அது 100 சதவீதமாகவும் இருக்கலாம், 86 ஆகவும் இருக்கலாம். பேட்டரியைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டரை ரீசெட் செய்து, போன கட்டங்களைத் தற்காலிகமாக வரவழைத்து விற்கும் ஏமாற்று வேலையும் இந்தக் காரில் நடந்திருக்கிறது.

நான் பார்த்த மாடலில் திரவக் குளிர்விப்பு உண்டு. அதனாலேயே என் பட்டியலில் அது நின்றது.

முதல் கார் பார்க்க மிக அழகாக இருந்தது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. உரிமையாளர் வேலை நிமித்தம் பெரும்பாலும் வெளியூரில் இருப்பவர். கார் எங்கே நிற்கும் என்று கேட்டேன். மாடி மேல் திறந்த வெளிப் பார்க்கிங் என்றார். சார்ஜ்? "எப்ப வந்தாலும் ரெடியா இருக்கணும்ல, பிளக்கில மாட்டியே வச்சிருவேன்" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை, பாவம், நல்ல மனிதர். ஃபோன் சார்ஜர் மாதிரிதானே என்று நினைத்திருக்கிறார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

தம்பி, காரின் கம்ப்யூட்டரில் இருக்கும் விவரங்களைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி ஃபோனில் பார்த்தான். தீப்பெட்டி அளவுக் கருவிதான் அது, புளூடூத்தில் பேசும். பேட்டரி ஆரோக்கியம், அதாவது எஸ்.ஓ.எச்., 85 என்று காட்டியது; புதிதில் இருந்த கொள்ளளவில் 85 சதவீதம்தான் மிச்சம் என்று அர்த்தம். மூன்று வருடம், 18,000 கிலோமீட்டருக்கு அது எனக்கு அதிக இழப்பாகத் தெரிந்தது. அதைவிடத் தம்பியை யோசிக்க வைத்தது செல் வோல்டேஜ். பேட்டரி பேக்கில் இருக்கும் செல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வோல்டேஜில் இருக்க வேண்டும். வண்டி ஓய்வில் இருக்கும்போது இருபது மில்லிவோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் அவன் கவலைப்பட மாட்டான். இதில் ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகவே இறங்கி நின்றது. பேக்கின் அளவு எவ்வளவு இருந்தாலும் பலவீனமான செல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் மொத்தப் பேக்கும் நிற்கும். வாரண்டியில் சரிசெய்து கொடுத்தால் வாங்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர் அதற்குக் காத்திருக்கத் தயாராக இல்லை.

கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பவும் எனக்கு மனமில்லை. அது காரின் கம்ப்யூட்டர் போட்ட மதிப்பீடு. திரையில் தெரியும் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' என்ற எண் அதைவிட மோசம். கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்து அது மாறும். ஊருக்குள் மெதுவாக ஓட்டிவிட்டுக் காட்டினால் அள்ளிக் கொடுக்கும், வேகச் சாலையில் ஓட்டிவிட்டுக் காட்டினால் கஞ்சத்தனம் செய்யும். பேட்டரி என்னவோ அதே பேட்டரிதான்.

எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. நேரம் மட்டும் வேண்டும். பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் ஹவர் (kWh) என்று போடுவார்கள். மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான் அது. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் செலவானது என்று காரே காட்டும். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, சார்ஜ் பாதியளவு இறங்கும்வரை ஓட்டி, செலவான யூனிட்டை இறங்கிய சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் முழுப் பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது காரின் உரிமையாளர் ஓய்வுபெறப் போகும் கல்லூரி ஆசிரியர். இப்படி ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று தயங்கித்தான் கேட்டேன். "தாராளமா ஓட்டிப் பாருங்கம்மா, நானும் கூட வரேன், எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்" என்று பக்கத்து சீட்டில் ஏறிவிட்டார். 85 சதவீதத்தில் கிளம்பி 35-க்கு இறங்கும்வரை ஓட்டினோம். 112 கிலோமீட்டர். சராசரிச் செலவு நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட். அப்படியானால் செலவானது 18 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, அது பாதிப் பேட்டரி. முழுசுக்கு ஏறக்குறைய 36. புதிதாக இருந்தபோது 39. ஐந்து வருடம், 84,000 கிலோமீட்டருக்குப் பிறகு 92 சதவீதம் மிச்சம். தம்பியின் கருவியும் 91 என்றது. இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்ததில்தான் எனக்கு முதல் நம்பிக்கை பிறந்தது.

வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். வீட்டில் மெதுவான சார்ஜர், இரவில் 80 சதவீதம்வரை மட்டும். முழுச் சார்ஜ் நீண்ட பயணத்துக்கு முந்தின இரவு மட்டும்தான். கார் நின்றது கூரை போட்ட ஷெட்டில். வேகச் சார்ஜர் எப்போதாவது. ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் தேதிவாரியாகக் கோர்த்து ஒரு ஃபைலில் வைத்திருந்தார். அந்த ஃபைலைப் புரட்டும்போது, ஒழுங்காக மருந்து சாப்பிட்டு வந்த நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பார்க்கும் நிம்மதி எனக்கு வந்தது.

இந்தப் பழக்கங்கள் எல்லா மின்சாரக் காருக்கும் அப்படியே பொருந்தாது. எல்.எஃப்.பி. என்று சொல்லும் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சார்ஜ் நிறைய இறங்கும்வரைகூட வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அதனால் எவ்வளவு மிச்சம் என்று கம்ப்யூட்டருக்கே சரியாகப் பிடிபடாது. அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றினால்தான் அதன் கணக்கு நேராகும், கம்பெனிகளே அப்படித்தான் சொல்கின்றன. நிக்கல் கலந்த பேட்டரிக்குத் தினசரி 80 சதவீதம் போதும். பார்க்கப் போகும் காரில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால், உரிமையாளர் சொல்வதில் எது நல்ல பழக்கம், எது கெட்ட பழக்கம் என்று நீங்களே பிரித்துவிடலாம்.

வாரண்டியை நான் வரி வரியாகப் படித்தேன். பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை கொடுக்கின்றன. அதற்குள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்வார்கள். 2022-ல் ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறை மன்றத்தில் ஏற்கப்பட்ட உலகத் தொழில்நுட்ப விதியும் கிட்டத்தட்ட இதே அளவைத்தான் வைக்கிறது: 5 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டரில் இழப்பு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டரில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் பார்க்க வேண்டியது, இரண்டாவது உரிமையாளருக்கும் அந்த வாரண்டி முழுதாக வருகிறதா, சர்வீஸ் தவறியிருந்தால் ரத்தாகுமா என்பதை. விற்பவர் வாயால் சொல்வது போதாது.

ரீகால், அதாவது ஏதாவது குறைக்காகக் கம்பெனியே கார்களைத் திரும்ப அழைப்பது, நடந்திருக்கிறதா என்றும் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். இதில் நல்லதும் கிடைக்கலாம். 2021-ல் செவர்லே போல்ட் கார்கள் எல்லாவற்றையும் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகத் திரும்ப அழைத்தார்கள், பல கார்களுக்குப் புதுப் பேட்டரியே மாட்டிக் கொடுத்தார்கள். பழைய காரில் புதுப் பேட்டரி, அப்படி ஒன்று அமைந்தால் அதிர்ஷ்டம். ஐரோப்பாவில் விற்ற ரெனோ ஸோயி கார்களில் பலவற்றுக்குப் பேட்டரி வாடகைக்குத்தான் இருந்தது. கார் உங்களுடையது, பேட்டரி உங்களுடையதல்ல, மாத வாடகையும் சேர்ந்து வரும். அங்கே வாங்குகிறவர்கள் பத்திரத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

மற்றவற்றை நான் வேகமாகத்தான் பார்த்தேன். அடிப்பக்கம் படுத்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் பேட்டரி பேக் அங்கேதான் இருக்கிறது. கல் அடித்த பள்ளம், தண்ணீர் புகுந்த தடம் இருந்தால் திரும்பி வந்துவிடலாம். பிரேக்கை மோட்டாரே பாதி வேலை செய்து காப்பாற்றுவதால் பேட் அவ்வளவாகத் தேய்வதில்லை, ஆனால் பயன்படாமலே டிஸ்க் துருப்பிடிக்கும். டயர் நேர்மாறு: வண்டியின் எடையாலும் எடுத்த எடுப்பில் பாயும் விசையாலும் சீக்கிரம் தேயும். சின்ன 12 வோல்ட் பேட்டரியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் இது செத்தால் கார் எழுந்திருக்காது. வேகச் சார்ஜர் போர்ட் எந்த வகை என்றும் பாருங்கள். சாடெமோ என்ற ஜப்பானிய வகை போர்ட் இருக்கும் கார் என்றால், நீங்கள் போகும் வழியில் அந்த முனை உள்ள சார்ஜர்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்த பிறகே பேச்சு.

இதையெல்லாம் பார்த்த பிறகும் இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. ஐந்து வருடக் கார், இன்னும் எத்தனை நாள்? அம்மா ஃபோனில், "நடு ரோட்டுல நின்னுட்டா என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டேன்.

இப்போது 36 யூனிட். நூறுக்கு 16 என்றால் 220 கிலோமீட்டருக்கு மேல். அம்மா வீடு 150, நடுவில் நிற்காமல் போகலாம். அங்கே சாதாரண பிளக்கில் இரவு முழுக்கப் போட்டால் மறுநாள் திரும்பி வரத் தேவையானது ஏறிவிடும். என் கணக்குக்கு மூன்று வருடத்தில் ஏறக்குறைய 45,000 கிலோமீட்டர் ஓடும், மொத்தம் 1,29,000. வாரண்டி எல்லைக்குள்தான் இருக்கும். வாரண்டி முடிந்த பிறகு 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் 27 யூனிட், 170 கிலோமீட்டர். அறுபதுக்கு இறங்கினாலும் 140-க்கு மேல் வரும். மருத்துவமனைக்கு 46 போதும். அம்மா வீட்டுக்கு மட்டும் வழியில் ஒரு முறை நின்று சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த வழியில் சரியாகப் பாதித் தூரத்தில் வேகச் சார்ஜர் இருக்கிறது, நேரில் போய் என் காரின் போர்ட்டுக்குப் பொருந்தும் முனைதானா என்று பார்த்துவிட்டும் வந்தேன். புதிதாக இருந்தபோது எவ்வளவு ஓடியது என்பதைக் கணக்கில் எங்கேயும் சேர்க்கவில்லை. அந்த எண் எனக்கு எதற்கும் தேவைப்படவில்லை.

கணக்கை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப சரி, வரும்போது பிளக்குக்கு வயர் நீளம் பத்துதான்னு பாத்துக்கோ" என்றார்.

அந்த ஆசிரியரிடம் பேரம் பேசியது டயருக்காக மட்டும்தான். நான்கும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தன, அவரும் ஒப்புக்கொண்டு அந்தத் தொகையைக் குறைத்தார். பெயர் மாற்றம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து, அவருடைய ஃபோன் ஆப்பிலிருந்து காரை நீக்கி என் கணக்கில் சேர்த்தோம். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பழைய உரிமையாளரின் ஃபோனில் கார் இருக்கும்வரை, அது எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும், கதவைத் திறக்கவும் முடியும். அந்த ஃபைலையும் கையோடு கொடுத்தார். என் முதல் சர்வீஸ் ரசீதை அதன் கடைசிப் பக்கத்தில் நான் கோர்த்துவிட்டேன்.